மருத்துவமனைக்குப் பிந்தைய வீட்டுப் பராமரிப்பு: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

டிஸ்சார்ஜ் ஆனவரின் மீதி வைத்தியத்தை வீட்டில் வைத்தே பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு உலகமே கவனித்த விடை ஒன்று சென்னையில்தான் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் இங்கே ஒரு காசநோய்ச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 காசநோயாளிகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும் மறு பகுதியினர் தங்கள் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் நர்ஸுகளும் இருந்தன. வீடுகளில் நெரிசலும் அரை வயிற்றுச் சாப்பாடும்தான். ஆயினும் 1959இல் வெளியான முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தன. உடன் வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பது பின்தொடர் ஆய்வுகளில் தெரியவந்தது.

இந்த ஆய்வைப் பேசுகிறவர்கள் எளிதில் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போனார்கள், மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது வீட்டுச் சிகிச்சை நாடெங்கும் நடைமுறையானது. ஆனால் அந்த வீட்டு வருகை அதே தீவிரத்தோடு கூடவே போகவில்லை. கண் முன்னால் மருந்து விழுங்கவைக்கும் முறைக்கு நாடு 1997இல்தான் மாறத் தொடங்கியது. வீடு போதும் என்ற முடிவை ஏற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போயாக வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்ட இந்தப் போக்கே பிற நோய்களிலும் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைக் கடலூர் மாவட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அம்மாவட்டம் 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. வடக்கே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. பரங்கிப்பேட்டை, கிள்ளை மீனவர்களுக்கும், காட்டுமன்னார்கோயில், குமராட்சிப் பக்கத்து விவசாயக் கூலிகளுக்கும் தெற்கே உள்ளதுதான் பெரிய ஆஸ்பத்திரி. 2008இல் 108 ஆம்புலன்ஸ், 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2021 டிசம்பரில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை என அடுத்தடுத்து வந்தவை ஏராளமான உயிர்களைக் காத்தன. அவை எல்லாமே நோயாளியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவருவதற்கானவை. திரும்பிப் போகும் வழியைப் பற்றி அவற்றில் பேச்சு குறைவு.

பிரசவம் மட்டும் விதிவிலக்கு. தாய்வீடு, பத்தியச் சமையல், பிள்ளை பெற்றவளுக்கான மருந்து என்று குடும்பத்திலேயே அதற்கு முறை இருந்தது. கிராம சுகாதார செவிலியர் அதன் மேல் வந்து சேர்ந்தார். பிறகு வந்த பிக்மி எண் என்ற கர்ப்பிணிகளுக்கான பதிவெண், எந்த ஆஸ்பத்திரியில் பிரசவமானாலும் அத்தாயை ஊர்ச் செவிலியரின் பதிவோடு இணைத்தது.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, மூக்குக் குழாயோடு வீடு வருகிறவருக்கு அப்படி ஓர் எண் கிடையாது. அவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; தவறினால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து படுக்கைப்புண் வரும். கஞ்சியை வடிகட்டி, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்த்து, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து மெல்ல இறக்க வேண்டும். ஊற்றிய கையோடு கிடத்தினால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். யூரின் பேக் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். வார்டில் ஷிப்டு மாற்றி நர்ஸுகள் செய்த இத்தனையும், கிளம்பும் அவசரத்தில் காதில் வாங்கிய அறிவுரையை நம்பி, வீட்டில் மனைவி தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது. அவர் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர் என்றால் அந்தக் கூலியும் நின்றுபோகும். எந்தக் காப்பீடும் அதை ஈடுகட்டுவதில்லை. வசதியுள்ளவர்கள் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்கிறார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, கைவிடப்பட்ட அந்த வீட்டு வருகையை மீட்டது என்றே மதிப்பிட வேண்டும். சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வாசலில் தருகிறார். நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான பைகளும் கிடைக்கின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

ஆயினும் இத்திட்டம் வீட்டிலிருந்து தொடங்குகிறது. தன்னார்வலர் தெருத்தெருவாகப் போய் நோயாளியைக் கண்டறிகிறார். புண்ணும் சளியும் சேர்வதற்குள் கவனிக்க வேண்டியவருக்கு, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் தகவல் போயாக வேண்டும். பிக்மி அது சாத்தியம் என்று காட்டிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் நோயாளியின் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரை எழுதுவதிலிருந்து தொடங்கலாம். சிதம்பரம் மருத்துவமனையைச் சுகாதாரத் துறைக்கு மாற்ற 2021இலேயே ஆணை பிறந்துவிட்டதால், அங்கே துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். வடபகுதியில் சிக்கல் அதிகம். கடலூர்க்காரர்கள் பெரிய நோய் என்றால் நாடுவது புதுச்சேரி ஜிப்மரை. மருத்துவமனை மத்திய அரசின் கீழ், வேறோர் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. நோயாளியின் வீடோ தமிழக கிராமச் செவிலியரின் எல்லைக்குள். அங்கிருந்து ஒரு பெயர் இங்கே வந்து சேர இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.