மாண்டெசூமா வராத கோட்டை

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்திலுள்ள மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒருநாள் காலை காரில் வடக்கே ஒன்றரை மணி நேரம் போய் 'மாண்டெசூமா கோட்டை'யைப் பார்த்தோம். பெயரை நம்பி அகழி, கொத்தளம் என்று தேட வேண்டாம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் சுமார் 90 அடி உயரத்தில் ஒரு பெரிய பொந்து. அதற்குள் சுவரில் குளவிக்கூடு ஒட்டியிருப்பதுபோல ஐந்து அடுக்கு வீடு, 20 அறைகள். கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டி, சிக்கமோர் மரத்தில் உத்திரம் போட்டிருக்கிறார்கள். ஏறிப்போக ஏணிதான். 1951இலிருந்து யாரையும் மேலே விடுவதில்லை. அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். என் முழங்காலுக்கு அதுவே போதும்!

கி.பி. 1100க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாழ்ந்தவர்கள், 1425 வாக்கில் போய்விட்டார்கள். மாண்டெசூமாவோ மெக்சிகோவின் ஆஸ்டெக் பேரரசர். அவர் பட்டத்துக்கு வந்ததே 1502இல். இந்தப் பக்கம் அவர் வந்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளையர்கள், இவ்வளவு நேர்த்தியான வேலை ஆஸ்டெக்குகளுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணி வைத்த பெயர் அது. கட்டியவனுக்கு அந்தப் பெருமையைத் தர மனம் வரவில்லை போலும்.

கட்டியவர்களுக்காவது சரியான பெயர் கிடைத்ததா? தொல்லியல் அறிஞர் ஹரால்ட் கோல்டன் அவர்களை 'சினாகுவா' என்றார். அங்குள்ள மலைகளை ஸ்பானியர்கள் 'சின் அகுவா', அதாவது 'தண்ணீர் இல்லாத' மலைகள் என்று அழைத்திருந்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'சின்' என்றதும் 'சான்' நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே பொருள். ஆனால் வீட்டுக்குக் கீழேயே பீவர் ஓடை ஓடுகிறது! அந்த மக்கள் மக்காச்சோளம், பூசணி, பருத்தி எல்லாம் பயிர்செய்து பிழைத்தவர்கள். இவர்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்லும் ஹோபி இனத்தார் வழங்கும் சொல் 'ஹிசட்சினோம்': 'முற்காலத்து மக்கள்'. தாத்தா பாட்டியைப் பேரப்பிள்ளைகள் சொல்வதுபோல இருக்கிறது.

மதியம் செடோனா. மணற்பாறை மலைகள் செங்கல் சிவப்பில் நிற்கின்றன. எல்லாம் இரும்புத் துருவின் நிறம். 1902இல் அங்கே தபால் நிலையம் கேட்டு எழுதிய ஷ்னெப்லி என்பவர், தன் குடும்பப் பெயரை ஊருக்கு வைக்கப் பார்த்தார். தபால் முத்திரைக்கு அது நீளம் என்று மறுத்துவிட்டார்கள். அவருடைய சகோதரரின் யோசனைப்படி மனைவி செடோனாவின் பெயரை எழுதி அனுப்ப, அது நிலைத்துவிட்டது. முத்திரை குத்தியே காலம் கழித்தவன் நான். இந்தக் காரணத்தை உடனே ஒப்புக்கொண்டேன்.