பெயர்ப்பலகையில் இல்லாத மெத்தடிஸ்ட்: பிராட்வே வெஸ்லி தேவாலயத்தின் கதை

நான் இருக்கிறது புழல். எங்க பக்கம் பிராட்வேன்னு சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது பஸ் ஸ்டாண்டுதான். ஆனா பிராட்வேங்கிறது ஒரு தெரு. 18-ஆம் நூற்றாண்டோட கடைசியில ஸ்டீபன் பாப்ஹம்ங்கிற வக்கீல், பெத்தநாயக்கன்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவுல கிடந்த அட்டப்பள்ளத்தைத் தூர்த்து ரோடு போட்டார். அதனால பாப்ஹம்ஸ் பிராட்வே. இப்போ அதுக்கு அரசாங்கப் பெயர் பிரகாசம் சாலை.

அந்தத் தெருவுல இருக்கிற வெஸ்லி தேவாலயம்தான் இன்னிக்கு நம்ம விஷயம். சென்னையில மெத்தடிஸ்ட் வரலாறு தேடுறவங்க இதைத் தாண்டிப் போயிடறாங்க. ஏன்னா இன்னிக்கு இது சி.எஸ்.ஐ. தேவாலயம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஜான் வெஸ்லியும் அவரோட நண்பர்களும் ஆக்ஸ்போர்டுல ஜெபம், படிப்பு, சிறைக்குப் போய் கைதிகளைப் பார்க்கிறதுன்னு எல்லாத்தையும் கணக்கு வச்சு ஒழுங்கா செஞ்சாங்க. அதைக் கேலி பண்ணி வச்ச பெயர்தான் மெத்தடிஸ்ட். வெஸ்லி 1791-ல் இறக்கும்வரை இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் குருவாகவே இருந்தார். அவருக்குப் பிறகுதான் அது முழுசாகத் தனிச் சபை ஆனது. அரசுத் திருச்சபையோட கட்டடம் சர்ச். வெஸ்லியன்காரங்க கட்டினது சாப்பல்.

1813-ல் கம்பெனி சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மிஷனரிகளுக்கு இந்தியாவின் கதவு திறந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே தாமஸ் கோக் தலைமையில் ஒரு குழு கப்பல் ஏறியது. கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். மத்தவங்க இலங்கையில காலி துறைமுகத்துல இறங்கினாங்க. அதுல ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து 1817-ல் சென்னைக்கு வந்தார். அதாவது சென்னைக்கு மெத்தடிஸம் யாழ்ப்பாணம் வழியா வந்தது. 1819-ல் ராயப்பேட்டையில ஒரு சாப்பல், 1822-ல் பிராட்வேயில இன்னொண்ணு. ராயப்பேட்டையில இப்போ நாம பார்க்கிற கோதிக் பாணிக் கட்டடம் 1853-ல் வந்தது.

இது ஒரு கிளை. ரெண்டாவது கிளை அமெரிக்காவிலிருந்து வந்தது. அவங்க 1856-ல் வட இந்தியாவுல வேலையைத் தொடங்கினாங்க. கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போன கூட்டத்துக்குத் தெருவுல நின்னு பிரசங்கம் பண்ணின வில்லியம் டெய்லர் 1874-ல் சென்னைக்கு வந்தார். ஆங்கிலம் பேசுறவங்க, குறிப்பா ஆங்கிலோ இந்தியர்கள் நடுவுல கூட்டங்கள் நடத்தினார். வெளிநாட்டுப் பணத்தை நம்பாம, உள்ளூர் சபையே தன் செலவைப் பார்த்துக்கணும்ங்கிறது அவரோட கொள்கை. வேப்பேரி மெத்தடிஸ்ட் சபை இந்த வழியில வந்தது.

இப்போ முக்கியமான திருப்பம். 1919 மே மாதம் தரங்கம்பாடியில 33 பேர் கூடினாங்க. பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். ஐரோப்பாவுல நடந்த சண்டைகளுக்காக நாம ஏன் இங்கே பிரிஞ்சு கிடக்கணும்னு கேட்டாங்க. பேச்சுவார்த்தை 28 வருஷம் நீண்டது. 1947 செப்டம்பர் 27, சுதந்திரம் கிடைச்சு 43-ஆவது நாள், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் மரபுகளோட வெஸ்லியன் மெத்தடிஸ்டும் அதுல சேர்ந்தது.

நம்ம பாஷையில சொன்னா மெர்ஜ். ஆனா ஒரு கிளை மட்டும்தான் மெர்ஜ் ஆனது. அமெரிக்கக் கிளை சேரவில்லை; 1981-ல் அது இந்திய மெத்தடிஸ்ட் திருச்சபை என்ற தன்னாட்சிச் சபையாக மாறியது. அதனால இன்னிக்கு ஒரு வேடிக்கை: பிந்தி வந்த கிளையோட பலகையில மெத்தடிஸ்ட் இருக்கு. முந்தி வந்த கிளையில வெஸ்லிங்கிற பெயர் மட்டும் மிச்சம்.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்னு கேட்பீங்க. நேயர் ஒருத்தர் தன்னோட பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிக்கிட்டிருந்தார். குடும்பத்துல எல்லாரும் "நாங்க மெத்தடிஸ்ட்"னு சொல்லியிருக்காங்க. மெத்தடிஸ்ட்னு பலகை போட்ட இடத்துல தேடினார், கிடைக்கல. பாட்டி பிறந்தது 1930-கள்ல. அப்போ வெஸ்லியன் சபையும் மெத்தடிஸ்ட்தானே! அவர் கேட்க வேண்டிய இடம் ஒரு சி.எஸ்.ஐ. சபை.

பாட்டி கதையிலிருந்து நான் எடுத்துக்கிறது இதுதான். பலகை கடைசியா நடந்த மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். அதுக்கு முன்னாடி நடந்ததைப் பதிவேடும், கட்டடத்தோட வருஷமும், சபையின் பழைய பெயரும் சொல்லும். உங்க வீட்டுலயும் 1947-க்கு முந்தைய ஞானஸ்நானமோ கல்யாணமோ தேடறீங்கன்னா, "எந்தச் சபை"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. "அந்த வருஷத்துல அது எந்தச் சபை"ன்னு கேளுங்க. இதைக் கேட்கத் தெரிஞ்ச பெரியவங்க வீட்டுல இருந்தா, அவங்க சொல்றதை இப்பவே ரெக்கார்ட் பண்ணி வைங்க.