பினாங்கு நாவலில் நம்பிக்கையும் உறவும்

இறைவனிடத்து வைக்கும் பற்றையும் வாணிகத்தில் வைக்கும் உறுதியையும் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழ் மரபு. பினாங்குத் தமிழரின் வட்டித் தொழிலில் இவ்விரண்டும் ஒன்றியே இயங்கின. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி, ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில் உள்ள துயரம் முழுமையாக விளங்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தார் பினாங்கில் தொழில் தொடங்கினர். அவர்கள் சென்ற இடமெல்லாம் தண்டாயுதபாணியும் உடன் சென்றார். 1850களில் தண்ணீர்மலையில் அவருக்குக் கோயில் எழுந்தது. 1894இல் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த வெள்ளித்தேர், தைப்பூச விழாவில் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து அக்கோயிலுக்கு இன்றும் உலா செல்கிறது. தொழில் வரவில் ஒரு பங்கு மகமையாக ஒதுக்கப்பட்டது. இறைவன் பெயராலும் கணக்கு எழுதப்பட்டது. எனவே, கணக்கில் பிழை செய்தல் கடவுளுக்கே பிழை செய்தலாயிற்று.

இவ்வொழுக்கத்திற்கு ஒரு விலையும் இருந்தது. மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் குடும்பத்தை ஊரில் விட்டு மூன்றாண்டுக் கணக்கில் பணியாற்றினர். அவர்களுக்கு முதலாளியே தந்தை, கிட்டங்கியே வீடு.

சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் (1920–1997) 1938இல் மேடானுக்குச் சென்று இத்தகைய கடையொன்றில் பணிபுரிந்தவர். கலைமகள் போட்டியில் பரிசு பெற்ற அவரது நாவல் 1959இல் நூலாயிற்று. அதில் பினாங்கு வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை. அவரிடம் பணிபுரிபவன் செல்லையா. அவன் நேசிப்பது முதலாளியின் மகள் மரகதத்தை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தான். போர் முடிந்து திரும்பியவனுக்குப் பிள்ளை மகளைத் தர மறுத்துவிட்டார். துப்பாக்கி ஏந்திய கை இனிப் பேரேட்டில் நிலைக்காது என்பதே அவர் கருத்து.

பிள்ளை கொடியவரல்லர். தம்மை வளர்த்த ஒழுக்கத்தைக் காப்பதாகவே அவர் எண்ணுகிறார். ஆனால் மகளின் மனமோ அவர் கணக்கில் இடம்பெறவேயில்லை. போர்க்களம் கண்ட செல்லையாவும் மரகதத்தை அழைத்துக்கொண்டு ஓடிவிடவில்லை; விட்டுக்கொடுக்கிறான். அவனை நம்பத்தக்கவனாக்கிய பண்பு எதுவோ, அதுவே அவன் கைகளையும் கட்டிவிடுகிறது.

இந்நாவல் பக்தியைப் போற்றவோ பழிக்கவோ எழுந்ததன்று. எனினும், கடல் கடந்த மனிதரை ஒன்றுசேர்த்த நம்பிக்கை, தொழிலின் கட்டளையாக இறுகும்போது உறவை அறுக்கவும் வல்லது என்பதை அது உணர்த்துகிறது. தேர் தெருவில் வருவது யாவர்க்கும் தெரியும்; அதன் வடத்தைப் பிடித்த கைகள் எவற்றையெல்லாம் இழந்தன என்பதைக் காட்டுவதே இலக்கியத்தின் பணியாகும்.