பாழடைந்த அரண்மனையும் பட்டா கிடைக்காத படியாளும்

சேத்துப்பட்டுக்கு வடக்கே, ஆரணியை ஒட்டி எஸ்.வி. நகரம் இருக்கிறது. முழுப்பெயர் சத்திய விஜய நகரம். மாத்வ மடாதிபதி சத்திய விஜய தீர்த்தரின் பெயரில் ஆரணி ஜாகீர்தார்கள் உருவாக்கிய ஊர். அவர்களுடைய அரண்மனை இன்று அங்கே பாழடைந்து நிற்கிறது. பூசிமலைக்குப்பம் காட்டுப் பக்கம் அவர்கள் கட்டிய இன்னொரு மாளிகையும் அப்படித்தான் இடிந்து கிடக்கிறது. ஒரு ஜாகீர்தார் வெளிநாட்டுப் பெண்ணுக்காக அதைக் கட்டினார் என்பது ஊர்க்கதை. படம் எடுக்கப் போகிறவர்கள் அந்தக் காதல் கதையோடு திரும்பிவிடுகிறார்கள்.

தோழர்களே, நாம் வேறு கதையைக் கேட்போம்.

1640 வாக்கில் வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராத்திய பிராமணருக்கு ஆரணி ஜாகீராகக் கிடைத்தது. அதன் பிறகு 1751-ல் கிளைவ் இங்கே போரிட்டார். 1782-ல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். ஆட்சிகள் மாறினாலும் ஜாகீர் மாறவில்லை. குடியானவர் கட்டிய வரிதான் ஜாகீர்தாரின் வருமானம். அந்த வரிக்குப் பின்னால் சேரியிலிருந்து வந்து நாற்று நட்டு, கதிர் அறுத்து, களத்தில் கூலி நெல் வாங்கிப்போன படியாளின் உழைப்பு இருந்தது.

அரண்மனைச் சுவரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். செங்கல் அறுக்க வேண்டும், சூளைக்கு விறகு வெட்ட வேண்டும், சுண்ணாம்பையும் மணலையும் நாள்கணக்கில் அரைத்துக் காரை ஆக்க வேண்டும். வளைவுகளின் அழகைப் பேசும் கதைகளில் இந்தக் கைகள் இல்லை. காரைச் சுவரைத் தொடர்ந்து பூசிப் பராமரிக்க வேண்டும். இல்லாவிட்டால் விரிசலில் அரசமரம் முளைத்து வேர் சுவரைப் பிளக்கும். அந்தச் செலவைத் தாங்கியது கிராமங்களின் வருமானம்.

1948-ல் சென்னை மாகாணத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இதை நாம் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஜமீன்தாருக்கு இழப்பீடு உண்டு. அவருடைய பண்ணை நிலத்துக்குப் பட்டா உண்டு. ஜமீன் நிர்வாக அலுவலகமாக இருந்த கட்டடம் அரசுக்குப் போனது. மற்றக் கட்டடங்கள் உரியவரிடமே இருந்தன. சாகுபடி உரிமை இருந்த குடியானவருக்கும் பட்டா கிடைத்தது. அந்த உரிமை எதுவும் இல்லாத படியாளுக்கு அந்தச் சட்டத்தில் பட்டா இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே வயலில் உழைத்தவர் மறுநாளும் கூலியாகவே வயலில் இறங்கினார்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அதன்படி ஒதுக்கப்பட்டது அரசுத் தரிசு. ஜமீன் கிராமத்துத் தரிசு 1948 வரை அரசின் கையில் இல்லை. ஆணையின் பலன் பக்கத்து ஊர் எல்லையில் நின்றுபோனதற்கு இதுவே காரணம். ஜமீன் ஒழிந்த பிறகு அந்தத் தரிசெல்லாம் அரசுக்கு வந்தது. அது யாருக்குப் போனது?

பதில் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் செட்டில்மென்ட் ஆவணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1948-க்கு முன் தரிசாக இருந்த சர்வே எண்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். அரண்மனையைக் காப்பாற்றச் சொல்லும் குரல்கள் எழும்போது, அந்தப் பட்டியலோடு நாமும் கூட்டத்துக்குப் போவோம். கட்டடத்தைப் பாதுகாக்கட்டும், அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிலமும் வரட்டும்.