ஏரிக்கரையும் முறைக்காய்ச்சலும்

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. வற்றாத பேராறு இல்லாத இந்நிலத்திலே, மழைநீரைக் கரைகட்டி மறித்து உழவு நடத்தியவர் நம் முன்னோர். அவ்வேரிகளுள் பெயர்பெற்றது உத்திரமேரூர் ஏரி. பல்லவர் காலத்தில் அது வைரமேகத் தடாகம் என வழங்கிற்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக உலகம் அறியும். ஏரி வாரியத்திற்கு அறுவர் என்று அக்கல்வெட்டு வகுத்திருப்பதை மட்டும் இங்கு நினைவிற் கொள்வோம். நீருக்கென ஒரு வாரியம் கண்ட ஊரார், மழைக்காலத்திற்குப் பின் அந்நீரை அடுத்து வரும் காய்ச்சலை எவ்வாறு எண்ணினர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. மக்கள் வழக்கிலுள்ள சொற்களே அதற்குச் சான்று.

ஒன்றுவிட்டு ஒருநாள் நடுக்கத்தோடு வருவதால் அதனை முறைக்காய்ச்சல் என்றனர். குளிர்காய்ச்சல் என்றும் சொல்வதுண்டு. மலைப்பக்கம் சென்று வாங்கி வந்தவர்க்கு அது மலைக்காய்ச்சல். இப்பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. நோயைக் கூர்ந்து நோக்கியவர் இட்டவை. நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வரும் இக்காய்ச்சலின் போக்கை, நுண்ணோக்கி இல்லாமலே அவர்கள் கணக்கிட்டிருந்தனர். காரணம் கேட்டால் பனி, ஏரிக்காற்று, புதுத்தண்ணீர் என்பர். இதனை அறியாமை என்று நகைப்பவர் உண்டு. ஆனால் மலேரியா என்ற சொல்லே இத்தாலி மொழியில் 'கெட்ட காற்று' எனப் பொருள்படும். உரோமாபுரி அறிஞரும் ஏரிக்கரை உழவரும் இவ்வகையில் ஒரே பள்ளி மாணாக்கர்! 1880இல் அல்ஜீரியாவில் லாவரன் நோயாளியின் குருதியில் நுண்ணுயிரைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். அதன் பின்னரே காற்றின்மேல் இருந்த பழி நீங்கியது.

மருத்துவத்திலும் இவ்வாறே. கயிறு மந்திரித்துக் கட்டுவதும், நிலவேம்புக் கஷாயம் குடிப்பதும் பழைய வழக்கம். காய்ச்சல் தானாகவே ஒருநாள் விட்டுச் செல்லும் இயல்புடையது. அந்த ஒருநாளின் புகழ் கயிற்றுக்குச் சேர்ந்தது. 1860இல் நீலகிரியில் சிங்கோனா பயிரிடத் தொடங்கியபின் கொயினா கிடைக்கலாயிற்று. அது கசந்தது, காதில் இரைச்சலை உண்டாக்கியது. காய்ச்சல் நின்றவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். சில திங்கள் கழித்துக் காய்ச்சல் மீண்டால், 'உடம்பில் தங்கிவிட்டது' என்பர். இதுவும் பெரும்பாலும் உண்மையே. நோய்க்கிருமி ஈரலில் ஒளிந்து வளர்வதை 1948இல் ஷார்ட், கார்ன்ஹம் என்னும் இருவர் நிறுவினர். அங்குக் கிருமி நெடுநாள் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவது பின்னர்த் தெளிவாயிற்று.

கொசு என்ற செய்தி ஊருக்கு வந்தபோதுதான் உண்மையான இடர்ப்பாடு எழுந்தது. கொசு சாக்கடையில் பிறப்பது என்பது எல்லாரும் கண்ட செய்தி. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைப் பொறுத்தவரை அது சரியே. காஞ்சிபுரப் பகுதி அந்நோயை நெடுங்காலம் கண்டு வருந்தியது. ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு தெளிந்த நீரையே நாடுகிறது. மதகின் கீழ்த் தேங்கிய நீர், வாய்க்காற் கசிவு, நடவுக்கு முன் நீர் கட்டிய வயல், கரைக்கு மண்ணெடுத்த குழி ஆகியவை அதன் தொட்டில்கள். அலையடிக்கும் ஏரி நடுவில் அது வாழ்வதில்லை. மேட்டூர் அணை 1934இல் முடிந்து புதுவாய்க்கால் நீர் பட்டுக்கோட்டைப் பகுதிக்கு வந்தபோது, பாசனத்தோடு மலேரியாவும் வந்தது. அங்கு ஆராய்ந்த ராக்பெல்லர் அறநிறுவனத்தின் பால் ரஸ்ஸல், எண்ணூர் முதல் நெல்லூர் வரையுள்ள கடற்கரையிலும் ஆராய்ந்தார். சவுக்குக் கன்றுகளுக்கு நீரிறைக்க மணலில் தோண்டிய குழிகளே அங்கு நோயின் ஊற்றென்று கண்டார். குடிக்கத் தகுந்த நீரிலா இந்நோய் என்று ஊரார் வியந்தால் அதிற் பிழையில்லை. தெருச் சாக்கடையைத் தூர்த்தபின்னும் காய்ச்சல் வருமானால், கொசுக் கதையையே ஐயுறுவது இயல்பு.

இந்த ஐயத்தின் நடுவேதான் டி.டி.டி. வந்தது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. கொசு குருதி குடித்தபின் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். ஆகவே சுவரில் மருந்து இருக்கவேண்டும். சுவரை மெழுகாமலும் வெள்ளையடிக்காமலும் விடவேண்டும் என்பது திட்டத்தின் விதி. பொங்கலுக்கு வீட்டை மெழுகி வெள்ளையடிப்பது இல்லத்தரசியின் விதி. இவ்விரண்டில் எது வென்றிருக்கும் என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. பூசையறையிலும் அடுக்களையிலும் மருந்தடிப்போரை விட மறுத்த வீடுகளும் நாட்டிற் பல. தொடக்கத்தில் மூட்டைப்பூச்சி மடிந்ததைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். அதுவே மருந்தின் திறனுக்கு அவர்கள் வைத்த தேர்வு. மூட்டைப்பூச்சி மருந்துக்குப் பழகி மீண்டும் பெருகியபோது, மருந்தின் பெயரும் கெட்டது. சுவரின் வேலை கொசுவுக்காக என்பதை விளக்கியவர் சிலரே. என் கருத்தில், திட்டத்தார் சுவரைப் பார்த்த அளவுக்கு வீட்டாரின் மனத்தைப் பார்த்திலர்.

எனினும் வெற்றி பெரிது. 1947இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் நோயுற்றனர், எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. 1965இல் நோயுற்றோர் ஏறத்தாழ ஓரிலட்சமாகக் குறைந்தனர். பிறகு கொசு மருந்துக்கு அஞ்சாததாயிற்று, கண்காணிப்புத் தளர்ந்தது. 1976இல் அறுபத்து நான்கு இலட்சத்தைத் தாண்டியது. வீடு வீடாக வந்து விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் செல்லும் பணியாளர் அக்காலந்தொட்டுக் கிராமங்களுக்கு மேலும் இன்றியமையாதவராயினர். குருதி எடுப்பதற்கு மக்கள் அஞ்சியதும் உண்டு. ஈரலில் உறங்கும் கிருமியை ஒழிக்கப் பதினான்கு நாள் பிரிமாகுவின் உண்ணவேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டவர்க்கு எஞ்சிய பதினொரு நாள் வீண் எனத் தோன்றுகிறது. கொயினாக் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டில் இந்நோய் இப்போது ஏரிக்கரையைவிடச் சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும்தான் மிகுதி. அங்கு வேலைக்குச் சென்று திரும்பியவர் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் நடுங்கினால், முறைக்காய்ச்சல் என்று பெயர் சொல்லத்தக்கவர் வீட்டு முதியோரே. இளையோர் வாயில் முதலில் வருவது டெங்கு என்ற சொல்.