வெண்பனிச் சிற்பமும் மாணவர் கையும்

பூநகரியில் மார்கழி, தை மாதங்களிற் பனி பெய்கின்றது என்றால், வைகறையில் நெற்கதிரிலும் பனையோலையிலும் திரண்டு நிற்கும் நீர்த்துளியையே மக்கள் கருதுவர். முன்பனி, பின்பனி என இரு பருவங்களை வகுத்த தமிழர்க்குப் பனியென்னுஞ் சொல் பெரும்பாலும் இத்துளியையே குறித்தது. இமயத்தின் முடியில் உறைந்து கிடப்பதனை அவர்கள் கேள்வியால் அறிந்திருந்தனர். கையால் அள்ளி அறிந்தாரல்லர். ஆதலின், குளிர்நாடுகளில் வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கித் தரையை மூடுவதனை ஈண்டு வெண்பனி என வேறுபடுத்தி வழங்குவோம்.

அவ்வெண்பனியாற் சிலை சமைக்குங் கலை பூநகரி மாணவனுக்கு முற்றிலும் அயலானதன்று. கடற்கரையில் ஈரமணலைக் குவித்துக் கோயிலுங் கோட்டையுங் கட்டாத பிள்ளை அவ்வூரில் அரிது. மஞ்சளைக் குழைத்தேனும் சாணத்தைத் திரட்டியேனும் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் சூட்டிக் கருமந் தொடங்குவது நம்மவர் வழக்கம். பிடிப்பவர் சிற்பியல்லர், வீட்டிலுள்ள எவருமாகலாம். இராமேசுவரத்து இலிங்கம் சீதாபிராட்டி மணலாற் பிடித்தது என்பது தல மரபு. காஞ்சியில் உமையம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டாள் என்பதும் அத்தகையதே. அழியும் பொருளிலே, பயிலாத கை உருவம் அமைக்கலாம் என்னும் எண்ணம் இங்குப் பழமையானது.

ஆயினும் வரலாறு எழுதப் புகுவோனுக்கு இங்கொரு தடை உண்டு. பூநகரியின் மண்ணித்தலையில் மணலிடையே சிதைந்து நிற்கும் சிவன் கோயிலைச் சோழர் காலத்ததென ஆய்வாளர் கொள்கின்றனர். பாழடைந்த நிலையிலும் எஞ்சிய சுவர்கள் சான்று பகர்கின்றன. வெண்பனிச் சிற்பத்துக்கோ பாழடையவும் வழியில்லை. வெயில் ஏறியதும் அது நீராகிவிடுகின்றது. அதன் வரலாற்றைப் பிறர் எழுதிவைத்த சொற்களைக் கொண்டே அறிதல் வேண்டும்.

அச்சொற்களுள் பெயர்பெற்றது இத்தாலியிலிருந்து வருகின்றது. 1494 ஆம் ஆண்டு சனவரியிற் புளோரன்சு நகரிலே பெரும் பனி பொழிந்தது. அந்நகரை ஆண்ட பியரோ தெ மெடிச்சி, அப்போது பதினெட்டு வயதினரான மைக்கலாஞ்சலோவை அழைத்துத் தம் மாளிகை முற்றத்தில் வெண்பனியால் ஒரு சிலை செய்யப் பணித்தார். அது மிக அழகியதாயிருந்தது என வசாரி எழுதியுள்ளார். ஆனால் வசாரி பிறந்ததோ 1511 ஆம் ஆண்டில். சிலை உருகிப் பதினேழு ஆண்டுகளின் பின்னராகும். காணாதவர் கேட்டு எழுதிய சான்றினை எவ்வளவு நம்பலாம் என்பது ஆராயத்தக்கது. பெருங்கலைஞர் ஒருவரை அழியும் பொருளில் வேலைசெய்ய ஏவியது அவரை இழிவுபடுத்தியதாகும் எனப் பிற்காலத்துச் சிலர் கருதினர். மஞ்சளிற் கடவுளைப் பிடிக்கும் மக்களுக்கு அவ்வாறு தோன்றாது.

வசாரி பிறந்த அவ்வாண்டிலேயே பிரசல்சு நகரிற் கடுங்குளிர் வாரக்கணக்காக நீடித்தது. நகரமக்கள் வீதிகளிலும் சந்திகளிலும் ஏறத்தாழ நூற்றுப்பத்து உருவங்களை வெண்பனியாற் சமைத்தனர். விவிலிய மாந்தரும் பழங்கதைத் தெய்வங்களும் ஒருபுறம் நிற்க, அதிகாரத்திலிருந்தோரை எள்ளி நகையாடும் உருவங்களும் அவற்றிடையே தோன்றின. கல்லிற் செதுக்கத் துணியாததை மக்கள் பனியிற் செதுக்கினர் போலும். சான்று தானே உருகிவிடுமன்றோ! யான் சுமேக்கன் என்னும் நகரப்புலவர் அவற்றைப் பார்த்து நெடும்பாட்டொன்று இயற்றினார். சிலைகள் ஒன்றும் இன்றில்லை, பாட்டு உண்டு. புளோரன்சில் ஒரு மேதையின் சிலை பற்றி ஓரிரு வரிகளே எஞ்ச, பிரசல்சிற் பெயரறியாப் பொதுமக்களின் படைப்புகள் பற்றி விரிந்த செய்தி கிடைத்திருப்பது வியப்புக்குரியது.

1870 ஆம் ஆண்டு திசெம்பரிற் பிரசியப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டிருந்தது. நகர்காவற் படையிற் சேர்ந்திருந்த சிற்பி பல்கியேர், அரண்மதில் மேல் ஒருநாள் வெண்பனியால் ஒரு பெண்ணுருவம் அமைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு அசையாது அமர்ந்திருந்த அவ்வுருவம் எதிர்ப்பு எனப் பெயர்பெற்றது. உடனிருந்த வீரர் பனியை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தனர். கல்லும் வெண்கலமும் வேண்டாது, சில மணிநேரத்தில் எழுந்த அச்சிலையைக் காண மக்கள் திரண்டனர். பின்னர் அவர் அதனை வேறு பொருளிற் சிற்றுருவாக மீளச்செய்ய முயன்றார்.

மாணவர் உலகம் சிறப்பாக அறியவேண்டியது யப்பான் நாட்டுச் செய்தியாகும். போரில் தோற்றுத் தளர்ந்திருந்த அந்நாட்டின் வடதீவிலுள்ள சப்போரோ நகரில், 1950 ஆம் ஆண்டு பாடசாலை மாணவர் ஒடோரிப் பூங்காவிலே ஆறு வெண்பனிச் சிலைகளை அமைத்தனர். ஐம்பதினாயிரம் பேரளவில் வந்து கண்டனர் என்பர். அந்த ஆறு சிலைகளே இன்று உலகெங்கும் அறியப்பட்ட சப்போரோ வெண்பனி விழாவின் தொடக்கமாயின. 1955 இல் நாட்டின் தற்காப்புப் படையினர் சேர்ந்து மாபெருஞ் சிலை எழுப்பினர். 1972 இல் அங்கு நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியால் விழாவின் புகழ் பரவிற்று. 1974 முதற் பன்னாட்டார் போட்டியிட்டு வருகின்றனர். படையும் அரசும் பின்வந்தவை. முதலிற் கைவைத்தவர் மாணவர்.

தொடக்கநிலையினர்க்கு இக்கலை எளிதாயிருத்தற்குக் காரணம் அப்பொருளின் இயல்பே. மிகக் கடுங்குளிரிற் பனி உலர்ந்த மாவுபோல் உதிரும். உருகுநிலையை அண்மிய பனி பிடித்தவாறு நிற்கும். அதனைப் பலகைப் பெட்டியில் இட்டு, அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, ஓரிரவு விட்டுவிடுதல் வேண்டும். அவ்விரவிற் பனிமணிகள் தொடுமிடந்தோறும் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து, கட்டி முழுதும் ஒரே கல்போலாகும். மறுநாட் பலகையைக் கழற்றி, மண்வெட்டி, வாள், கரண்டி ஆகியவற்றால் மேலிருந்து கீழாகச் செதுக்கி வரலாம். மேலே வெட்டிய துகள் கீழே முடித்த வேலையைக் கெடுக்காதிருத்தற்கே இம்முறை. தவறி வெட்டிய இடத்தைப் பனியும் நீருங் குழைத்த சாந்தினால் அப்பி அடைக்கலாம். கல்லிற் கிடைக்காத இந்த மன்னிப்பு, புதியவனுக்குப் பேருதவி.

உருவத்தைத் தெரிவதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. நீட்டிய கையும் மெல்லிய கழுத்தும் முறிந்துவிடும். அடி அகன்று நுனி ஒடுங்கியதே நிலைக்கும். இவ்விலக்கணத்துக்குப் பிள்ளையாரினும் பொருத்தமான உருவம் வேறில்லை. மடித்த கால், பருத்த வயிறு, தோளோடு இயைந்த செவி, வயிற்றின்மேற் படிந்த துதிக்கை என எதுவும் தனித்து நீளாது. நம் வீடுகளிற் பயின்ற கை, பனி நாட்டிலும் தடுமாறாது வேலைசெய்யும்.

1983 ஆம் ஆண்டின் பின் கனடாவுக்கும் நோர்வேக்கும் பெயர்ந்து சென்ற ஈழத்தமிழரின் பிள்ளைகள் இன்று வெண்பனியில் விளையாடி வளர்கின்றனர். பூநகரி மாணவன் அக்கலையை மணலிற் பழகலாம். ஒரிசாவின் பூரிக் கடற்கரையில் மணற்சிற்பம் பழகித் தாமே தேர்ந்த சுதர்சன் பட்நாயக் 2014 இற் பத்மசிறீ விருது பெற்றார். இறுக்குதல், மேலிருந்து வெட்டுதல், அடியை அகலவிடுதல் ஆகிய மூன்றும் இரு பொருளுக்கும் பொதுவே. காற்று உருட்டிய மேட்டுமணல் எளிதில் ஒட்டாது. அலைநனைத்த கரைமணலே தக்கது. ஒரு வேற்றுமை மட்டும் நினைவில் நிற்கவேண்டும். வெண்பனி, விட்டுவைக்க விட்டுவைக்க இறுகும். மணலோ ஈரம் உலர உலர உதிரும். ஆகவே பனிச்சிற்பி இரவு முழுதுங் காத்திருந்து மறுநாட் காலையிற் கருவியை எடுக்கின்றான். பூநகரிச் சிறுவன் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுதல் வேண்டும்.