ஆசிரியர் உரிமமும் மாநில எல்லையும்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரஸ்பர ஏற்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளி ஆசிரியர் பணிக்கான உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற ஆசிரியர் மற்றொரு மாநிலத்தில் பணியாற்ற விழையும்போது அவ்வுரிமம் எந்த அளவுக்கு ஏற்கப்பட்டது என்பதை 19ஆம் நூற்றாண்டு முதல் 2023 வரையிலான காலப்பரப்பில் இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமம் எக்காலத்திலும் எல்லை கடந்து ‘மாற்றப்படவில்லை’. அதற்கு ஆதாரமாக நின்ற ஏதோ ஒன்றன் மீதான நம்பிக்கையே மாநிலத்திற்கு மாநிலம் கைமாறியது என்பது இதன் கருதுகோள். அந்த ஆதாரம் தேர்வாளர், பயிற்சி நிறுவனம், தேர்வு, உரிமம் என்று காலந்தோறும் மாறிய முறையும் அம்மாற்றங்களால் பயனுற்றோர், இழப்புற்றோர் நிலையும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் உரிமம், பரஸ்பர ஏற்பு, மாநிலங்களிடை உடன்படிக்கை, கூட்டாட்சி, கல்வி வரலாறு.

முன்னுரை

அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்னும் சொல் இடம்பெறவில்லை. நடுவண் அரசுக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் நடைமுறைக்கு வந்த பத்தாம் திருத்தம் வரையறுக்கிறது. எனவே யார் ஆசிரியராகலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாநிலங்களிடமே தங்கியது. தொழில் உரிமம் வழங்கும் மாநில அதிகாரத்தை, மருத்துவர் ஒருவரைப் பற்றிய ‘டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா’ வழக்கில் (1889) உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. குறிப்பிட்ட சில அயல்நாட்டவருக்குப் பொதுப்பள்ளி ஆசிரியர் சான்றிதழை மறுத்த நியூயார்க் சட்டம் செல்லும் என ‘அம்பாக் எதிர் நார்விக்’ வழக்கில் (1979) அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமக்களை உருவாக்கும் பொறுப்புடையது என்பதால் ஆசிரியப் பணி அரசின் அடிப்படைச் செயற்பாடுகளுள் ஒன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வடிப்படையிலிருந்தே சிக்கலும் பிறக்கிறது. அதிகாரம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர்கள் அவ்வாறு நின்றுவிடுவதில்லை. திருமணம், துணைவரின் பணிமாற்றம், ஊதியம், பெற்றோரைப் பேணுதல் முதலிய காரணங்களால் அவர்கள் இடம்பெயர்கின்றனர். அவ்வாறு பெயரும்போது முந்தைய தகுதி எவ்வளவு எஞ்சுகிறது என்பது நிருவாகம் சார்ந்த வினா மட்டுமன்று, வாழ்வாதாரம் சார்ந்த வினாவுமாகும்.

வட்டாரச் சான்றிதழ்க் காலம்

மாநிலங்களுக்கிடையிலான தடைக்கு முற்பட்டது ஊர்களுக்கிடையிலான தடை. குடியேற்றக் கால மாசசூசெட்ஸில் இலக்கணப் பள்ளி ஆசிரியரை ஊரின் சமய குருவும் அண்டை ஊர்களின் குருமாரும் ஏற்க வேண்டும் என 1701ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒகையோ மாநிலம் 1825இல் கவுண்டிதோறும் தேர்வாளர்களை அமர்த்த வழிசெய்தது. பென்சில்வேனியா 1834இல் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஆசிரியர்களைச் சோதிக்கும் முறையைக் கொணர்ந்தது.

இக்காலச் சான்றிதழின் ஆதாரம், தேர்வு செய்தவரின் நேரடி அறிமுகம். ஆசிரியரின் ஒழுக்கம், சமயப் பற்று, எழுத்தறிவு ஆகியவற்றை அறிந்த ஒருவர் கையொப்பமிட்டார். அக்கையொப்பத்தை அறியாத அடுத்த கவுண்டியில் அச்சான்றிதழுக்கு மதிப்பில்லை. இடம்பெயர்ந்த ஆசிரியர் மீண்டும் தேர்வெழுத நேர்ந்தது. அதே இடத்தில் இருந்தவரும் குறுகிய காலச் சான்றிதழைப் புதுப்பிக்க அடிக்கடி தேர்வெழுத நேர்ந்தது. பெயராமையும் ஒருவருக்கு நிலையான தகுதியைத் தரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

மாநில அளவில் செல்லும் சான்றிதழ்கள் இந்நிலையைச் சற்றே தளர்த்தின. நியூயார்க் மாநிலக் கண்காணிப்பாளர் 1843 முதல் அத்தகைய சான்றிதழ்களை வழங்கினார். மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் 1839இல் தொடங்கப்பட்ட முதல் அரசு ‘நார்மல் பள்ளி’யும் அதனைப் பின்பற்றிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளும் மற்றோர் ஆதாரத்தை உருவாக்கின. தனிமனிதரின் கையொப்பத்திற்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் பட்டயம் ஆசிரியருக்காகப் பேசத் தொடங்கியது. முன்பின் அறியாத தேர்வாளரை நம்ப இயலாத அதிகாரி, பெயர் அறிந்த பயிற்சிப் பள்ளியை நம்ப இயன்றது.

பயிற்சி நிறுவனமும் 1968 ஒப்பந்தமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் கவுண்டிகளிடமிருந்து மாநிலக் கல்வித்துறைகளிடம் படிப்படியாகக் குவிந்தது. எல்வுட் கப்பர்லி 1906இல் வெளியிட்ட ஆசிரியர் சான்றளிப்பு பற்றிய ஆய்வு, மாநிலங்களின் விதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடந்த நிலையைக் கல்வியாளர் கவனத்திற்குக் கொணர்ந்தது. அதிகாரம் குவிந்ததால் உள்ளூர்த் தடைகள் நீங்கின. ஆனால் மாநில எல்லை முன்னினும் உறுதியான வேலியாயிற்று.

இவ்வேலியில் வாயில் அமைக்கும் பணி இரு வழிகளில் நடந்தது. மாநிலச் சான்றளிப்பு அலுவலர்கள் 1928இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர்; அது பின்னர் ‘நாஸ்டெக்’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. 1954இல் ஆசிரியர் கல்விக்கான தேசிய ஏற்பளிப்பு மன்றம் உருவானது. இம்மன்றத்தின் ஏற்பைப் பெற்ற கல்லூரியில் பயின்றவருக்கு, அக்கல்லூரி எம்மாநிலத்தில் இருப்பினும் சான்றிதழ் வழங்கப் பல மாநிலங்கள் முன்வந்தன. ஒவ்வொருவரின் பாடநெறிப் பட்டியலையும் வரிவரியாக ஒப்பிடும் முறைக்கு இது மாற்றாக அமைந்தது.

அடுத்த கட்டம் சட்ட வடிவம் பெற்றது. 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் தலைப்பின் வழிக் கிடைத்த நடுவண் நிதியைக் கொண்டு, நியூயார்க் கல்வித்துறையின் தலைமையில் மாநிலங்களிடைச் சான்றளிப்புத் திட்டம் செயற்பட்டது. அதன் விளைவாகக் கல்விப் பணியாளர் தகுதி குறித்த மாநிலங்களிடை ஒப்பந்தம் 1968 முதல் மாநிலச் சட்டமன்றங்களில் நிறைவேறியது. இச்சட்டம் தன்னளவில் எந்த ஆசிரியருக்கும் உரிமம் அளிக்கவில்லை. பிற மாநில அலுவலர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட மாநில அலுவலருக்கு அளித்தது, அவ்வளவே.

இதன் தொடர்ச்சியாக நாஸ்டெக் பேணிவரும் ஒப்பந்தத்தைப் பரஸ்பர ஏற்பு என வழங்குவது மரபாயினும் அச்சொல் முழுப்பொருளில் பொருந்தாது. ஒவ்வொரு மாநிலமும் தான் எவ்வெம் மாநிலங்களின் எவ்வெச் சான்றிதழ்களை ஏற்கும் என்று தனித்தனியே அறிவிக்கும் அறிக்கைகளின் தொகுப்பே அது. ஒரு மாநிலம் மற்றொன்றின் சான்றிதழை ஏற்பதால் அம்மற்ற மாநிலமும் எதிர்ஏற்பு அளிக்க வேண்டிய கட்டாயமில்லை. மேலும் வந்து சேர்ந்த ஆசிரியரிடம் கூடுதல் பாடநெறி, கூடுதல் தேர்வு ஆகியவற்றைக் கோரும் உரிமையை மாநிலங்கள் தக்கவைத்துக்கொண்டன. வாயில் திறந்திருந்தது, வாயிற்காவலும் தொடர்ந்தது.

தேர்வு என்னும் வடிகட்டி

பயிற்சி நிறுவனத்தின் மீதான நம்பிக்கைக்குப் போட்டியாக எழுந்தது எழுத்துத் தேர்வு. தேசிய ஆசிரியர் தேர்வு 1940இல் முதன்முதலாக நடத்தப்பட்டது. பெயரளவில் தேசியமான ஒரு தேர்வு எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான அளவுகோலாகி இடப்பெயர்வை எளிதாக்கியிருக்கலாம். அதன் தொடக்க கால வரலாறு வேறு திசையில் சென்றது.

ஒரே பணிக்குக் கறுப்பின ஆசிரியருக்குக் குறைந்த ஊதியம் வழங்குவது அரசியலமைப்புக்கு முரணானது என ‘ஆல்ஸ்டன் எதிர் நார்ஃபோக் பள்ளி வாரியம்’ வழக்கில் (1940) நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன அடிப்படையிலான ஊதியப் பட்டியல் இனிச் செல்லாது என்ற நிலையில், தென் கரோலினா 1945இல் சான்றிதழ்த் தரத்தையும் ஊதியத்தையும் இத்தேர்வின் மதிப்பெண்ணோடு பிணைத்தது. பிரிக்கப்பட்ட, நிதி குன்றிய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்றவர்கள் அப்பிரிவினையின் விளைவை மதிப்பெண்ணாகச் சுமந்தனர். இத்தேர்வின் பயன்பாட்டை எதிர்த்த வழக்கில் மாநிலத்துக்குச் சாதகமாக 1977இல் வந்த தீர்ப்பை 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பிரவுன் தீர்ப்புக்குப் (1954) பின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவற்றின் ஆசிரியரும் தலைமையாசிரியரும் பெருந்திரளாகப் பணியிழந்தனர். பெயர்வதைத் தவிர வேறு வழியற்ற ஒரு தலைமுறைக்கு உரிமத்தின் எல்லை எத்தகைய சுமை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பணியைப் பறித்த மாநிலம் அளித்த சான்றிதழையே அடுத்த மாநிலத்தில் தம் தகுதிக்குச் சான்றாக அவர்கள் நீட்ட வேண்டியிருந்தது.

‘ஆபத்தில் ஒரு நாடு’ அறிக்கை 1983இல் வெளியானபின் ஆசிரியர் தேர்வுகள் நாடெங்கும் பெருகின. தேசிய ஆசிரியர் தேர்வின் இடத்தில் 1990களில் ‘பிராக்சிஸ்’ தேர்வுகள் வந்தன. அதே தேர்வை ஏற்ற மாநிலங்களும் வெவ்வேறு தேர்ச்சி மதிப்பெண்களை வகுத்தன. கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடா, மாசசூசெட்ஸ் முதலியவை தமக்கெனத் தனித் தேர்வுகளை அமைத்தன. ஆகவே பல்லாண்டுகள் கற்பித்த ஆசிரியரும் புதிய மாநிலத்தில் தொடக்கநிலைத் தேர்வை எதிர்கொள்ள நேர்ந்தது. தரத்தை உயர்த்தும் நோக்கில் எழுந்த விதிகள், 1968 ஒப்பந்தம் தளர்த்திய முடிச்சுகளை மீண்டும் இறுக்கின. 1987இல் அமைந்த தேசிய ஆசிரியர் தர வாரியம் அனுபவமிக்க ஆசிரியர்க்கு நாடு தழுவிய சான்று வழங்கியது. எனினும் அது மாநில உரிமத்தின் மேல் அமர்ந்த சிறப்புத் தகுதியே அன்றி உரிமத்திற்கு மாற்றன்று.

2023 உடன்படிக்கை

இந்நிலையை மாற்றும் அழுத்தம் கல்வித்துறைக்கு வெளியிலிருந்தும் வந்தது. படைவீரர்கள் சில ஆண்டுகளுக்கொரு முறை இடம் மாற்றப்படுவதால், ஆசிரியராகப் பணியாற்றும் அவர்தம் துணைவர்கள் ஒவ்வொரு முறையும் புதிய உரிமத்திற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு மாநில அரசுகள் மன்றமும் நாஸ்டெக்கும் இணைந்து ஆசிரியர் இடப்பெயர்வு உடன்படிக்கையை வரைந்தன. பத்து மாநிலங்கள் சட்டமியற்றினால் நடைமுறைக்கு வரும் என்னும் நிபந்தனை 2023இல் நிறைவேறியது.

மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்வதற்குக் காங்கிரசின் ஒப்புதல் தேவை என அரசியலமைப்பின் முதற்பிரிவு கூறினும், நடுவண் அரசின் மேலாண்மையைப் பாதிக்காத உடன்படிக்கைகளுக்கு அது தேவையில்லை என ‘வர்ஜீனியா எதிர் டென்னசி’ வழக்கு (1893) வழிவகுத்திருந்தது.

முந்தைய ஒப்பந்தத்திலிருந்து இது வேறுபடுவது ஆதாரத்தை மாற்றியதில்தான். இளங்கலைப் பட்டம், மாநில ஏற்புடைய ஆசிரியர் பயிற்சி, குறைபாடற்ற முழு உரிமம் ஆகியவற்றை உடைய ஆசிரியருக்கு, பயிற்சிப் பாடங்களையும் தேர்வுகளையும் மீண்டும் ஒப்பிடாமல், தன்னிடமுள்ள மிக நெருங்கிய உரிமத்தை ஏற்கும் மாநிலம் வழங்க வேண்டும். குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு நீடிக்கிறது. மாநிலத்திற்கே உரிய கூடுதல் தேவைகளை உரிமம் புதுப்பிக்கும் கட்டத்தில் கோரலாம். அதாவது, பணியில் சேரும் முன் நின்ற தடை பணியில் சேர்ந்த பின்னர் நிறைவேற்றும் கடமையாகத் தள்ளிவைக்கப்படுகிறது.

செவிலியர் உரிம உடன்படிக்கையோடு ஒப்பிடுகையில் இதன் எல்லை தெளிவாகும். செவிலியர் உடன்படிக்கையின்கீழ், சொந்த மாநிலத்தில் பெற்ற பன்மாநில உரிமம் ஒன்றே பிற உறுப்பு மாநிலங்களிலும் செல்லும். ஆசிரியருக்கோ அத்தகைய பொது உரிமம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் விண்ணப்பித்துப் புதிய உரிமம் பெறவேண்டும். மாநில இறைமை இவ்வாறு காக்கப்படுகிறது.

உரிமம் கடந்தும் கடக்காதவை

உரிமச் சிக்கல் முழுவதும் தீர்ந்தாலும் இரண்டு இழப்புகள் நீடிக்கின்றன. முதலாவது பணிமூப்பு. முந்தைய மாநிலத்துப் பணியாண்டுகளை ஊதியப் படிநிலையில் எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளி மாவட்டங்களே முடிவு செய்கின்றன. இரண்டாவது ஓய்வூதியம். ஆசிரியர் ஓய்வூதிய நிதிகள் மாநில நிதிகள். தகுதிபெறும் பணிக்காலம் நிறைவதற்குமுன் வெளியேறுபவர் பெரும்பாலும் தாம் செலுத்திய தொகையையும் அதற்குரிய வட்டியையுமே பெறுகிறார்.

இதனுடன் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விட்டுச்சென்ற சிக்கலும் சேர்கிறது. அச்சட்டம் தொடக்கத்தில் மாநில, உள்ளாட்சிப் பணியாளரைச் சேர்க்கவில்லை. 1950ஆம் ஆண்டுத் திருத்தம் மாநிலங்கள் விரும்பினால் இணைய வழிதந்தது. கலிஃபோர்னியா, இலினாய், மாசசூசெட்ஸ், ஒகையோ முதலிய மாநிலங்களின் ஆசிரியர்கள் இன்றும் அத்திட்டத்திற்கு வெளியிலேயே உள்ளனர். இருவகை மாநிலங்களிலும் பணியாற்றியவரின் சமூகப் பாதுகாப்புத் தொகையைக் குறைத்த 1983ஆம் ஆண்டு விதி 2025 சனவரியில் கையொப்பமான சட்டத்தால் நீங்கியது. எனினும் துண்டுபட்ட பணிக்காலங்களை ஒன்றிணைக்கும் பொது ஏற்பாடு இல்லை.

முடிவுரை

இருநூறாண்டு வரலாற்றில் ஆசிரியரின் தகுதிக்கு ஆதாரமாக முதலில் தேர்வாளரும், பின்னர்ப் பயிற்சி நிறுவனமும், அதன்பின் மதிப்பெண்ணும், இறுதியாகப் பிற மாநிலத்தின் உரிமமும் நின்றன. இவை ஒன்றையொன்று முற்றிலும் விலக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அதனாலேயே ஒவ்வொரு சீர்திருத்தமும் பழைய தடைகளில் ஒன்றை நீக்கியபோதும் வேறொன்றை விட்டுவைத்தது. தென் கரோலினாவின் தேர்வு வரலாறு, பொதுவான அளவுகோல் ஒன்றே நீதியான ஏற்புக்குப் போதாது என்பதை உணர்த்துகிறது. அளவுகோலைக் கையாளும் நோக்கமும் ஆராயப்பட வேண்டும்.

2023 உடன்படிக்கை, பிற மாநிலத்தின் தீர்ப்பைத் தன் தீர்ப்பாக ஏற்கும் துணிவை மாநிலங்களிடம் கோருகிறது. அவ்வகையில் அது முந்தைய ஏற்பாடுகளினும் ஒரு படி முன்னேற்றமே. ஆனால் ஆசிரியரின் இடப்பெயர்வை உரிமத்தை மட்டும் கொண்டு அளவிடும் ஆய்வுகள் பாதி வரலாற்றையே காண்கின்றன. கற்பிக்கும் அனுமதி எல்லை கடந்தபின்னும் கற்பித்த ஆண்டுகளின் பயன் எல்லைக்கு அப்பால் தங்கிவிடுகிறது. உரிம வரலாற்றை ஊதிய, ஓய்வூதிய வரலாறுகளோடு இணைத்து நோக்கும்போதே ஆசிரியர் இடப்பெயர்வின் முழு விலையும் புலனாகும்.